தீபத்துக்கு ரூம் காலி!

புதுக் காலண்டர் வந்தால் நாம் முதலில் தேடுவது லீவு நாளை. நம்ம ஊர் வீட்டு ஓனர்கள் முதலில் தேடுவது பௌர்ணமியை! திருவண்ணாமலையில் மாதத்துக்கு ஒருமுறை வாடகைக் கணக்கே மாறிப் போகும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனம் நடக்கிறது. 2,668 அடி மலைமேல் கார்த்திகை தீபம் ஏற்றும் நாளில் கேட்கவே வேண்டாம். இத்தனை பேரும் எங்கே படுப்பாங்க? லாட்ஜ் எல்லாம் முன்கூட்டியே நிரம்பிவிடும். மீதிப் பேருக்கு வீடுகள்தான். மாடி, ஹால், வண்டி நிறுத்தும் ஷெட்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரு ராத்திரி ரேட் உண்டு.

"இதுல நமக்கு என்னப்பா?" என்கிறீர்களா? ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் வெளியே ரூம் எடுத்திருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நாங்கள் நாலு பேர் ஒரு மாடி ரூமில் இருக்கிறோம். கார்த்திகை பிறந்ததும் ஓனர் அம்மா படியேறி வந்தார்.

"தம்பிங்களா, தீபத்துக்கு நாலு நாளு ஊருக்குப் போயிட்டு வாங்கப்பா. பெட்டி படுக்கையை அந்த மூலையில கட்டி வச்சிடுங்க."

"அந்த நாலு நாள் வாடகையைக் கழிச்சுக்கலாமாம்மா?" என்று ரூம்மேட் தைரியமாகக் கேட்டுவிட்டான்.

"ஏம்ப்பா, நீங்க மாசத்துக்குக் குடுக்கறத அவங்க ஒரே ராத்திரிக்குக் குடுக்கறாங்க!"

பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. ரெக்கார்டு நோட்டும் டிராயிங் போர்டுமாக ஆளுக்கொரு பஸ் ஏறினோம். அந்தம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. தனி ஆளாக இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவர். தீபத்துக் காசில்தான் அவர்களுக்கு காலேஜ் ஃபீஸ் போகிறது. ஆனால் மாத வாடகை கொடுக்கிறவனுக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டாமா? 2017-ல் வந்து 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். நம்மில் எத்தனை பேர் கையில் அந்தப் பேப்பர் இருக்கிறது? பேப்பர் இல்லாதவன் "போக மாட்டேன்" என்று எதை வைத்துச் சொல்வது?

அது ஒரு பக்கம். நான் படிப்பது சிவில் என்பதால் புத்தி வேறு பக்கமும் போகிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று படித்திருக்கிறோம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 675 லிட்டர். மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் தாராளம். தீபத்தன்று அதே வீட்டில் முப்பது பேர் என்று வையுங்கள். 4,050 லிட்டர்! அதில் பாதிதான் செலவாகும் என்றாலும் அந்த டேங்க் எங்கே, அந்த செப்டிக் டேங்க் எங்கே? இறங்குவதற்கு இரண்டரை அடியில் ஒரே ஒரு படிக்கட்டு, அதிலும் செருப்புக் குவியல். ராத்திரி ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆனால்? வீடு எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து, ஒரே வீட்டில் ஏழு பேர் போனதை மறக்க முடியுமா?

இந்தக் கவலை புதுசு இல்லை. கடலோரத்துப் பூரியில் தேர்த் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் அந்தக் காலத்தில் காலரா பரவும். அதற்காகவே 1871-ல் பூரிக்கென்று தனி விடுதிச் சட்டம் போட்டார்கள். யாத்ரீகர்களைத் தங்க வைக்கும் வீட்டுக்கு லைசென்ஸ் வேண்டும். இத்தனை பேருக்கு மேல் படுக்கக் கூடாது என்று கணக்கும் உண்டு. நமது 1939-ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்திலும் தங்கும் விடுதிகள், திருவிழாக்கள் பற்றித் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. ஆக சட்டம் இருக்கிறது. தலையை எண்ணத்தான் ஆள் இல்லை!

ரமணாசிரமத்துப் பக்கம் கதை வேறு. அங்கே வருஷம் பூராவும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிறார்கள். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும் என்பது விதி. ஆனாலும் 2018 ஜூலையில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தங்கின இடத்திலேயே கொடுமை நடந்த பிறகுதான் அனுமதி இல்லாத விடுதிகளைத் தேடிப் போனார்கள்.

வெளியூர்க்காரன் என்ன செய்கிறான் என்றும் பார்த்தேன். பார்சிலோனா கடற்கரை நகரம். டூரிஸ்டுக்கு விட்டு விட்டு உள்ளூர் ஜனத்துக்கு வீடு கிடைக்காமல் போனதால், பத்தாயிரத்துச் சொச்சம் டூரிஸ்ட் ஃபிளாட் லைசென்ஸ்களை 2028 நவம்பருக்குள் முடித்துவிடுவதாக 2024-ல் மேயர் அறிவித்தார். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக விட்டால் ஓனர் கூடவே தங்க வேண்டும், விருந்தாளி இரண்டே பேர்தான்.

நமக்கு பார்சிலோனா வழி சரிப்படாது என்பது என் கட்சி. தடை போட்டால் பக்தர் ரோட்டில் படுப்பார், ஓனர் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாக விடுவார். நம்ம நாட்டிலேயே மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டத்தில், குடும்பம் அதே வீட்டில் இருக்க வேண்டும், ஆறு ரூம், பன்னிரண்டு படுக்கைக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. அந்த மாதிரிதான் வேண்டும். 2024-ல் நம்ம ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. படிக்கட்டையும் டேங்கையும் பார்த்து, "இந்த வீட்டில் இத்தனை பேர்" என்று வாசலில் பெயின்டில் எழுதிவிட்டுத் திருவிழா லைசென்ஸ் கொடுக்கட்டும். ஃபீஸ் நூறோ இருநூறோ போதும். அதிகம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். மாத வாடகைக்காரன் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான் அவன் ரூமையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சம்மதித்தவனுக்கு அந்த நாட்களின் வாடகை கிடையாது!

எங்கள் பேட்ச் ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்திருக்கிறோம். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் படிக்கட்டு அகலம், டேங்க் கொள்ளளவு, பாத்ரூம் எண்ணிக்கை அளக்கிறோம். பதினோரு வீடு முடிந்தது. பன்னிரண்டாவது வீட்டுத் தாத்தா டேப்பைப் பார்த்ததும் "வரி போட வந்தியா?" என்று தடியைத் தூக்கிவிட்டார். டேப் பிடிக்க ஆள் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிறவர்கள் வரலாம். டீ எங்கள் செலவு.