சாப்பிடவே மாட்டேங்குது!

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் அம்மாவோ ஆயாவோ சோற்றுக் கிண்ணத்தோடு பிள்ளையின் பின்னால் ஓடுவது சாதாரணக் காட்சி. "ஒண்ணுமே திங்க மாட்டேங்குது" என்பதுதான் புலம்பல். அடம் என்று நினைத்து அடித்து ஊட்டுபவர்களும் உண்டு. ஆனால் எல்லாம் அடம் அல்ல!

3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் சுமார் 9 கிலோ ஆகிவிடும். அடுத்த வருடம் கூடுவது 2, 2.5 கிலோதான். வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. 2 வயதை ஒட்டி, புது உணவைக் கண்டால் பயமும் வருகிறது. முதல் நாள் துப்பிய கீரையை, வற்புறுத்தாமல் 10, 15 தடவை கொஞ்சமாக வைத்துப் பார்த்தால் பல பிள்ளைகள் பழகிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தால் எங்கிருந்து பசிக்கும்?

அப்படியானால் நிஜமான பிரச்சினையை எப்படிக் கண்டுபிடிப்பது? சாப்பிடும் பண்டங்கள் குறைந்துகொண்டே போகிறதா? கட்டியாக எதைக் கொடுத்தாலும் குமட்டுகிறதா? மண், சாக்பீஸ் தின்கிறதா? மண் தின்பது இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். இவை இருந்தால் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

சந்தேகம் தீர, அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்க்கலாம். மாதாமாதம் வளர்ச்சிக் கோடு ஏறினால் தட்டில் மிச்சம் வைப்பது பெரிய விஷயமில்லை. கோடு ஏறாமல் நின்றாலோ, 6 மாதம் முதல் 5 வயதுக்குள் புஜத்தின் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ சத்துக்குறைவு என்று அர்த்தம். 11.5-க்கும் கீழே போனால் ஆபத்து. அந்தப் பிள்ளைக்குத் தேவை அடி இல்லை, வைத்தியம்.