கிண்டிக்கு அனுப்பலாமா, சார்?

 

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, வீட்டுக்கு வீடு கட்-ஆஃப் கணக்குப் போடும் காலம் இது. நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் இந்த மாதங்களில் என் போனுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. "சார், இந்த மார்க்குக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும். இன்னும் நம்மை ஞாபகம் வைத்துக் கேட்கிறார்களே என்று ஒரு சந்தோஷம்.

போன வாரம் வந்த அழைப்பு வேறு மாதிரி. 1999-ல் என்னிடம் பிளஸ் டூ கணக்குப் படித்தவள். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரிக் காடு. அவள் வீட்டில் அதுவரை காலேஜ் வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர்.

"சார், பொண்ணுக்கு ரேங்க் நல்லா வந்திருக்கு. கிண்டி கிடைக்கும்னு சொல்றாங்க. வீட்டுல மாமியாரும் அவங்களும் 'பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் எதுக்கு, பக்கத்துலயே போடு'ங்கறாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு நானே கூப்பிடறேம்மா" என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

1999-ல் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து 300-க்குக் கணக்குப் போடுவார்கள். கவுன்சிலிங் என்றால் இப்போது போல வீட்டில் உட்கார்ந்து விருப்பப் பட்டியல் கொடுப்பது இல்லை. நேரில் சென்னைக்குப் போக வேண்டும். அவள் அப்பா என்னிடம் வந்து, "நமக்கு ஒண்ணும் தெரியாது சார், நீங்க கூட வந்தாத் தேவல" என்றார். மூன்று பேரும் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை கிண்டியில் இறங்கினோம். ஒரு டீயைக் குடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்து அண்ணா பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தோம்.

தமிழ்நாடே அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கட்டுச்சோற்று மூட்டை, மஞ்சள் பை, ஃபைல். எங்கே எத்தனை இடம் காலி என்று எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிவப்புக் கட்டடத்தையும் மணிக்கூண்டையும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

எங்கள் முறை வந்தபோது கிண்டியிலேயே சிவில் இருந்தது. அப்போது ஊரெல்லாம் கம்ப்யூட்டர் மோகம். சிவிலைக் கேட்பாரில்லை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸும் இருந்தது. அவள் அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பொம்பளப் புள்ள. ஹாஸ்டல்ல விட்டுட்டு நீங்க ராத்திரி தூங்க முடியுமா? பக்கத்துலயே கம்ப்யூட்டர் எடுத்துடலாம்" என்றேன்.

அவள் மெதுவாக, "சார், கிண்டி..." என்றாள். நான் கையைக் காட்டி, "நான் சொல்றேன்ல" என்றேன். அவ்வளவுதான். முடிந்தது.

அந்தக் கல்லூரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரு செமஸ்டருக்குள் பாடம் நடத்தும் ஆசிரியர் இரண்டு முறை மாறினார். லேப் பாதி நாள் பூட்டியிருக்கும். தினமும் பஸ்ஸிலேயே 2 மணி நேரம் போய்விடும். வீட்டுக்கு வந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும், சமையலுக்கு உதவ வேண்டும். நன்றாகத்தான் தேறினாள். ஆனால் அந்த நாலு வருடத்தில் அவள் பார்த்தது அதே ரோடு, அதே ஆட்கள். பள்ளிக்கூடத்தின் இன்னொரு நாலு வருடம் மாதிரிதான்.

இதைவிட உறுத்தும் விஷயம் இனிமேல்தான்.

2003-ல் என் மகனுக்குக் கிண்டி கிடைத்தது. நான் ஒரு வினாடிகூட யோசிக்காமல் சேர்த்தேன். பெட்டி, பக்கெட், போர்வை எல்லாம் வாங்கி நானே ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டேன். "அவ்வளவு தூரமா" என்று என் மனைவி கேட்டபோது, "தூரம் என்ன தூரம், ராத்திரி ஏறினா காலைல சென்னை" என்று சொன்னவன் நான்தான். அதே பஸ். அதே தூரம்.

அவன் மூலமாகத்தான் நான் அந்தப் பெண்ணுக்கு எதை மறுத்தேன் என்று எனக்கே தெரிய வந்தது.

முதல் செமஸ்டரில் ஒரு ரூபாய் போனில் கூப்பிட்டு அழாத குறையாகப் பேசினான். "அப்பா, இங்க எல்லாரும் ஸ்கூல் ஃபர்ஸ்ட்ப்பா." கணக்கில் அரியர் வைத்தான். ஆமாம், கணக்கு வாத்தியார் மகனுக்குக் கணக்கில் அரியர்! ஸ்டாஃப் ரூமில் ஒரு மாதம் தலை காட்ட முடியவில்லை. அவனைத் தேற்றியது நான் இல்லை, அறைத் தோழர்கள். ஒருவன் ராமநாதபுரம் பக்கம் மீனவர் வீட்டுப் பையன், ஒருவன் தர்மபுரி, இன்னொருவன் நாகர்கோவில். ராமநாதபுரத்துப் பையன்தான் மெஸ் முடிந்ததும் இவனை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையனுக்கு ஆங்கிலம் தடுமாறும். அதற்கு இவன் உதவியிருக்கிறான். எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு, "நாம மட்டும் புத்திசாலி இல்லை, நாம மட்டும் ஏழையும் இல்லை" என்று தெரிந்துகொள்வது 17 வயதில் பெரிய படிப்பு. அரசுப் பல்கலைக்கழகத்தில் அது இயல்பாக நடந்துவிடுகிறது. கட்டணம் கைக்கு அடக்கமாக இருப்பதால்தானே மீனவர் வீட்டுப் பையனும் டாக்டர் வீட்டுப் பையனும் ஒரே அறையில் படுக்க முடிகிறது? அந்த நாலு வருடமும் எனக்குப் பெரிய செலவு மெஸ் பில்தான், ஃபீஸ் இல்லை.

அடுத்தது ஊர். கல்லூரிக்குள் கிடைப்பது பாதி என்றால் வாசலுக்கு வெளியே மீதிப் பாதி. சர்தார் படேல் சாலையில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தோல் ஆராய்ச்சி நிலையம், கொஞ்சம் தள்ளி ஐஐடி, எதிரே காந்தி மண்டபம், கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம். தரமணிப் பக்கம் போனால் 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. நான் அத்தனை வருடம் கணக்கு நடத்தியிருக்கிறேன், அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே எனக்குத் தெரியாது. மகன்தான் ஒரு பொதுச் சொற்பொழிவுக்கு அழைத்துப் போனான். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கணக்கையே தொழிலாக, ஆராய்ச்சியாக வைத்து வாழ்கிறவர்களை அன்றுதான் நேரில் பார்த்தேன். என் வகுப்பில் "கணக்குப் படிச்சா என்ன சார் ஆகலாம்?" என்று கேட்ட எத்தனை பேருக்கு "வாத்தியார் ஆகலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்!

ஜனவரியில் புத்தகக் காட்சி. அப்போது அண்ணா சாலையில் காயிதே மில்லத் கல்லூரியில் நடக்கும். மெஸ் பில்லில் மிச்சம் பிடித்து இரண்டு பை நிறையப் புத்தகத்தோடு பொங்கலுக்கு வருவான். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் காலைக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்ததும் அந்த நாகர்கோவில் பையன்தான். 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தபோது மகன் படித்து முடித்துவிட்டான். பிறகு நானே போய்ப் பார்த்தேன். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனி இடமே இருக்கிறது. வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கல்லூரியின் வரலாற்றை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. 1794-ல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்தது. கிண்டிக்கு வந்தது 1920-ல். அப்போது கிண்டி என்பது மெட்ராஸுக்கு வெளியே. நகரம்தான் பிறகு வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. 1978-ல்தான் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றோடு சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகம் ஆனது.

அதில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். 1940 வாக்கில் லலிதா என்ற பெண் அங்கே மின் பொறியியல் சேர்ந்திருக்கிறார். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் மகளைச் சேர்த்தார். அவர் படித்த காலத்திலேயே லீலாம்மா ஜார்ஜ், திரேசியா என்ற இரண்டு பெண்கள் சிவில் படித்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

சிவில். கிண்டி. ஒரு பெண். அவர்கள் படித்து ஏறக்குறைய 60 வருடம் கழித்து, அதே கல்லூரி வளாகத்தில் நின்றுகொண்டு, நான் ஒரு பெண்ணிடம் கையைக் காட்டி "நான் சொல்றேன்ல" என்றிருக்கிறேன்.

கிண்டிக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஊரில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை அங்கே போய் நடுவில் நிற்கும், சில சமயம் கடைசியில் நிற்கும். அதைத் தாங்க வீட்டில் தயாராக இருக்க வேண்டும். திட்டக் கூடாது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு முதல் வருடம் கஷ்டம்தான். மெஸ் சாப்பாடு வாய்க்குப் பிடிக்காது. சென்னை வெயில் நம்ம ஊர் வெயில் மாதிரி இல்லை, வேர்த்துக் கொட்டும். வழி தவறிப் போகவும் நகரத்தில் நூறு வழி உண்டு. கிண்டி கிடைக்காதவர்கள் மனம் உடையவும் வேண்டாம். கோவையில், சேலத்தில், காரைக்குடியில், திருநெல்வேலியில் நல்ல அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்து மேலே வந்த என் மாணவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பெற்றோர்களுக்கு இன்னொன்று. சான்றிதழில் அண்ணா பல்கலைக்கழகம் என்று இருப்பது வேறு, அந்த வளாகத்திலேயே படிப்பது வேறு. இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வரும். யாராவது "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் நம்பாதீர்கள், விசாரியுங்கள். பணத்துக்குப் பயந்தும் ஒதுங்க வேண்டாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அய்யய்யோ, என்ன சார் நீங்க" என்று பதறினாள். "நான் ஒண்ணும் கெட்டுப் போயிடல சார். நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அது உண்மைதான். நல்ல ஆசிரியர் என்று அவளிடம் படித்த பையன்கள் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஒரே ஒரு விஷயம் மட்டும் சார். அன்னைக்கு நீங்களும் அப்பாவும்தான் பேசிக்கிட்டீங்க. என்னை யாரும் கேக்கல."

என்னிடம் பதில் இல்லை.

"சரி, பாப்பாகிட்ட போனக் குடும்மா" என்றேன். "தாத்தாகிட்ட பேசு" என்று கொடுத்தாள். "உனக்கு எங்க போகணும்னு இருக்கு?" என்று கேட்டேன். தயக்கமே இல்லை. "கிண்டி தாத்தா. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ்" என்றாள். "அப்படின்னா என்ன?" என்று கேட்டேன். செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தை அளப்பது, வரைபடம் போடுவது, ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது என்று ஒரு கால் மணி நேரம் எனக்கு வகுப்பு எடுத்தாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன்.

அவள் அப்பாவிடமும் பாட்டியிடமும் பேச நாளை மறுநாள் நேரில் போகிறேன். விருப்பப் பட்டியல் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. முடிவு அவர்கள் வீட்டுடையது. ஆனால் இந்த முறை அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பேசுவேன்.

இந்த வருடம் கவுன்சிலிங் இருக்கிற வீடுகளில் எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டுமானால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். கிண்டியில் படித்தவர்கள், இப்போது சென்னையில் இருப்பவர்கள், புதிதாக வருகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவத் தயாராக இருந்தால் கீழே சொல்லுங்கள். முதல் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போட்டாலே போதும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்