பெட்டியும் நில அளவைக் கல்லும்

போன தை மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் பிரான்ஸிலிருந்து வந்திருந்தான். வந்த இரண்டாம் நாள், "தாத்தா, இங்க ஒரு பெட்டி ஒளிச்சு வைக்கணும். நல்ல இடமா சொல்லுங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவன் சிரித்துவிட்டு விளக்கினான்.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஆரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டில் ஒரு வாளியை வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். தேடி எடுத்தவர்கள் உள்ளே இருந்த நோட்டில் பெயர் எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன.

இதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். கைபேசி, பேனா, டார்ச், நல்ல செருப்பு போதும். நம் ஊருக்கு ஒரு குடையும், பாம்புக்கு ஒரு தடியும் நான் சேர்த்துக்கொண்டேன்.

ஒழுங்குமுறைகள்தான் எனக்குப் பிடித்திருந்தன. பெட்டியை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்புக்கு ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக்கூடாது, எறும்பு வரும். நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். வெளியூர்க்காரர் வைத்துவிட்டுப் போய்விட முடியாது, பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நானாம்!

கருவியோடு வேற்றாள் வருவது தஞ்சாவூருக்குப் புதிது இல்லை. 1808-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி நாட்டை அளந்துகொண்டு இங்கே வந்தார். நம் பூமி தட்டையானது. குன்று கிடையாது, எங்கும் தென்னந்தோப்பு. தூரத்துப் புள்ளியைப் பார்க்கக் கோபுரத்தின் மேல்தான் ஏற வேண்டும். சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டித் தூக்கினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமாயிற்று. மனிதர் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து ஆறு வாரத்தில் அதைச் சரிசெய்தாராம். அதே கருவி இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு மொரீஷியஸ் போனது என்றும், இன்ன வேலைக்கான கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இதைப் பேரனிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமத்துக்குப் போனோம். இடிந்த பிள்ளையார் கோயில், பக்கத்தில் ஒரு அரசமரம். பேரன் மரப்பொந்தில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டார்ச் அடித்தேன். இரண்டு பேர் பைக்கை நிறுத்தினார்கள். "யாருங்க நீங்க? என்னத்த நோண்டுறீங்க?" கால் மணி நேரத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். "சிலை திருடற கூட்டம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஒருவர் பேரனின் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். அவன் முகம் வெளுத்துவிட்டது.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பத்தூர் நடராஜர் லண்டன் வரை போய், அங்கே வழக்கு நடந்து, 1991-இல்தான் திரும்பி வந்தார். திரும்பி வராத சாமிகள் எத்தனையோ. வெளியாள் இருட்டுகிற நேரத்தில் கோயிலடியில் டார்ச் அடித்தால் வேறென்ன நினைப்பார்கள்?

அந்த நேரத்தில் எனக்கு ஒரு கிழவியின் ஞாபகம் வந்தது. 1970-இல் நில உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கராகக் குறைந்த பிறகு, கிராமங்களில் சர்வேயரின் சங்கிலியைக் கண்டாலே பயந்த காலம். நான் வேலைக்குப் புதிது. காணாமல் போன ஒரு நில அளவைக் கல்லைத் தேடி சர்வேயரோடு போயிருந்தேன். பக்கத்து வயலுக்காரக் கிழவி, "ஐயா, எதுக்கு அளக்குறீங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். "சர்க்கார் வேலை, தள்ளி நில்லு" என்றேன். அவள் வயலுக்கும் எங்கள் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நாங்கள் கிளம்புகிற வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி அவள் தூங்கியிருப்பாளா என்று ரிட்டயர் ஆன பிறகுதான் யோசித்தேன்.

மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன். என் பெயர், ஊர், பார்த்த வேலை எல்லாம் சொன்னேன். பெட்டியைத் திறந்து பெரியவர் ஒருவர் கையில் கொடுத்தேன். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பென்சில், என் பள்ளிக் காலத்து பிரெஞ்சுக் காசு ஒன்று. கேட்காமல் வந்தது தப்பு என்றும் சொன்னேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதத் தேடியா வெளிநாட்டுலேருந்து வருவாங்க?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கைபேசி திரும்பி வந்தது.

டீக்கடைக்காரர்தான் முடிவு சொன்னார். "கோயில்கிட்ட வேணாம் சார். எங்கடைக்குப் பின்னால புங்கமரம் இருக்கு, அங்க வையுங்க. எவனாவது வந்தா நான் பாத்துக்குறேன்."

பேரன் ஊருக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை நான் பஸ் ஏறிப் போய், நோட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். இதுவரை இரண்டு பேர் வந்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருமே முதலில் கடையில் வந்து கேட்டுவிட்டுத்தான் மரத்தடிக்குப் போனார்களாம். டீக்கடைக்காரர் அதை என்னிடம் தனியாகச் சொன்னார்.