எங்கப்பா கேட்ட கேள்வியும் அமெரிக்க வி-8 எஞ்சினும்



மலருக்கு எழுதக் கேட்டதும் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. மனசில் உறுத்திக்கொண்டிருந்த இந்த விஷயம்தான் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு சரி. நான் ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்தபோது பட்டறை முழுக்க மிட்டாய் கொடுத்தார். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் கிரீஸ் சட்டையோடு காலேஜ் வாசலுக்கு வந்தால் கூச்சமாக இருக்கும்.

இரண்டாம் ஆண்டு செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு அமெரிக்க 'மசில் கார்' எஞ்சின்கள். நடுத்தர சைஸ் காரில் பெரிய வி-8 எஞ்சினை ஏற்றி, நேர் ரோட்டில் பாய விடுவார்களே, அந்தக் கார்கள். நான் எழுதி வைத்த முடிவு இதுதான்: "வால்வுக்கு மேலேயே கேம் ஷாஃப்ட் வைக்கும் ஓவர்ஹெட் கேம்தான் நவீனம். கேம் ஷாஃப்டைக் கீழே வைத்து, புஷ்ராடு, ராக்கர் ஆர்ம் வழியாக வால்வைத் திறப்பது பழைய பஞ்சாங்கம். அமெரிக்கர்கள் விவரம் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்."

ஒரு வாரம் முன்னால் வீட்டில் அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஏஞ்சாமி, அவ்ளோ பெரிய கம்பெனிக்காரன் தெரியாமயா அப்படிச் செஞ்சிருப்பான்? எஞ்சின எந்த எடத்துல எறக்கணும்னு பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "உங்களுக்கு ஸ்பானர் பிடிக்கத்தான் தெரியும். இது தியரிப்பா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் முதல் லைப்ரரியே கதி என்று கிடந்தேன். அவர் தப்பு என்று நிரூபிக்கத்தான்! நடந்தது வேறு.

முதல் அடி: ஓவர்ஹெட் கேம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1964-லேயே ஃபோர்டு கம்பெனி பந்தயத்துக்காக 427 கன அங்குலத்தில் (7 லிட்டர்) ஓவர்ஹெட் கேம் வி-8 எஞ்சின் செய்திருக்கிறது. அதன் டைமிங் செயின் மட்டும் ஏறத்தாழ ஆறடி நீளம். நாஸ்கார் பந்தயக்காரர்கள் அதை அனுமதிக்கவில்லை. ஷோரூம் காரிலும் அது வரவில்லை.

இரண்டாவது அடி: இடம். அப்பா கேட்டாரே, அதேதான். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.தான் மசில் கார் மோகத்தைக் கிளப்பிய கார். அந்த சைஸ் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. ஜான் டிலோரியனும் அவர் கூட்டாளிகளும் 389 கன அங்குல எஞ்சினை 'ஆப்ஷன்' என்று சொல்லி நுழைத்துவிட்டார்கள். நுழைக்க முடிந்ததற்குக் காரணம், அதன் வெளி அளவும் அந்தக் காரில் ஏற்கெனவே இருந்த 326 எஞ்சினின் வெளி அளவும் ஒன்றே. அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்தது!

நம் லேபில் கட் செக்‌ஷனாக நிற்கும் அம்பாசடர் எஞ்சினும் புஷ்ராடுதான். அந்த மாதிரி நாலு சிலிண்டர் வரிசை இரண்டை 'வி' வடிவில் சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுப் பள்ளத்தில் ஒரே ஒரு கேம் ஷாஃப்ட். பதினாறு வால்வுக்கும் அதுவே போதும். ஹெட் சிறியது, செயின் குட்டை, செலவு கம்மி. கேம் ஷாஃப்டை மேலே ஏற்றினால் இரண்டு பக்க ஹெட்டும் பருத்துவிடும். 1996 மஸ்டாங்கில் பழைய 5.0 லிட்டர் புஷ்ராடு எஞ்சினை எடுத்துவிட்டு 4.6 லிட்டர் ஓவர்ஹெட் கேம் எஞ்சினை வைத்தார்கள். கொள்ளளவு குறைந்தது, அகலம் கூடியது!

அதற்காக ஓவர்ஹெட் கேம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. வேகமாகச் சுற்றும்போது புஷ்ராடு, ராக்கர் இவற்றின் எடையால் வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும். அங்கே ஓவர்ஹெட் கேம்தான் ராஜா. ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு வைப்பதும் அதில் சுலபம். ஆக, கொள்ளளவைக் கூட்டிக் கீழ் வேகத்திலேயே இழுப்பது ஒரு வழி, சிறிய எஞ்சினை வேகமாகச் சுற்றவிடுவது இன்னொரு வழி. 2011-ஆம் ஆண்டு மாடல்களையே பாருங்கள். கமேரோ எஸ்.எஸ்.: 6.2 லிட்டர், ஒரே கேம் ஷாஃப்ட், 426 குதிரைத்திறன். மஸ்டாங் ஜி.டி.: 5.0 லிட்டர், நாலு கேம் ஷாஃப்ட், 412 குதிரைத்திறன். எது பழசு, எது புதுசு?

கமேரோ உற்பத்தி 2023-ல் நின்றுபோனது. ஆனால் கடைசி வண்டி வரைக்கும் அதன் வி-8 புஷ்ராடுதான்.

என் முடிவுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு மாற்றி எழுதினேன். செமினார் நன்றாகவே போனது. முடிந்ததும் சார் கேட்டார்: "எஞ்சின் உட்கார்ற இடத்துலேர்ந்து ஆரம்பிச்சியே, இந்த யோசனை எங்கேர்ந்து வந்துச்சு?"

"லைப்ரரி புக்குல சார்" என்று சொல்லிவிட்டேன்.

கைதட்டல் கிடைத்தது. ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை. 'எங்கப்பா கேட்டார்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்?

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. புத்தகத்தில் 'எது' என்று படிக்கிறோம். 'ஏன்' என்று கேட்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் வாயை நாம் அடைத்துவிடக் கூடாது.

சார், அந்தக் கேள்வி எங்கப்பாவுடையது. இந்த மலர் கைக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குத்தான் எடுத்துப் போவேன். அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நேரமாகும். படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.