மாணிக்க கங்கையில் நம் பங்கு

பிரதமை, அக்கரப்பத்தனை

கதிர்காமத்தில் பெரஹரா தொடங்கிவிட்டது. டயகம, ஹோல்புரூக், மன்றாசிப் பக்கத்துத் தோட்ட லயங்களில் நேர்த்திக்கடன் உள்ள குடும்பங்கள் வேன் பேசி முடித்திருக்கும். போகும் நாட்களுக்குப் பேர் விழாது, கூலி கிடையாது என்று தெரிந்தேதான் போவார்கள். இதையொட்டிப் படித்தவர்களிடம் ஒரு புலம்பல் உண்டு: கதிர்காமம் நம் கையை விட்டுப் போய்விட்டது, இனி அங்கே நாம் விருந்தாளிகள்தான் என்பார்கள். இந்தப் புலம்பல் அடிப்படையிலேயே பிழை என்று நினைக்கிறேன். மூலத்தானம் எந்தக் காலத்திலும் மலையகத்தார் கையில் இருந்ததில்லை. கண்டி இராச்சியத்து மக்கள் கதிர்காமத் தெய்வத்துக்கு அஞ்சி நடந்ததை, 1681இல் வெளிவந்த தம் நூலிலேயே ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். அங்கே முருகனுக்குரிய மகா தேவாலயத்தில் கோபுரம் கிடையாது, கண்ணால் காண மூலவரும் கிடையாது. வள்ளி தெய்வானையோடு மயிலேறிய முருகனைத் தீட்டிய திரைச்சீலைக்கு இப்பால் நிற்கிறோம். வாயைத் துணியால் கட்டிய கப்புராளை என்னும் பூசகர் பழத்தட்டை உள்ளே கொண்டுபோய், படைத்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தட்டோடு திருப்பித் தருகிறார். வாய்கட்டி நடக்கும் பூசையில் தமிழ் எங்கே இருந்தது, இப்போது தொலைவதற்கு? அருணகிரிநாதர் இத்தலத்தைப் பாடியிருக்கிறாரே என்றால், பாடியது உண்மை. பாடலால் சாவி கைமாறுவதில்லை. நம் பங்கு திரைக்கு வெளியே இருக்கிறது: காவடி வரும் வீதியில், தெய்வானை அம்மன் கோயிலில், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயிலையொட்டி ஓடும் மாணிக்க கங்கையில்.

பஞ்சமி

நம்மிடம் இருந்தது போய்வரும் வழக்கம். ஆட்சியில் இருந்தவர்கள் கைவைத்ததும் அதில்தான். வாந்திபேதிக்கு அஞ்சி வெள்ளைக்கார அரசு யாத்திரையைத் தடுத்ததால்தான் 1874இல் கொழும்புச் செட்டிமார் தங்கள் ஊரிலேயே ஆடிவேல் விழா எடுக்கத் தொடங்கினார்கள். 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃபுக்கு யாத்திரிகர் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதும் உத்தியோகக் கடமைகளில் ஒன்று. தம் அலுவல் நாட்குறிப்பில் அதைப் பற்றியும் எழுதினார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1983க்குப் பிறகு பயணமே உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு வழக்கம் மிஞ்சியிருக்கிறது. வீதியும் பறிபோய்விட்டதே என்பது அடுத்த மறுப்பு. கொஞ்சம் கனமான மறுப்புத்தான். தமிழரிடம் இருந்த தீமிதிப்பு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்களவர் கைக்கு மாறியதைக் கணநாத் ஒபயசேகர ஆராய்ந்து 1978இல் எழுதினார். காவடியும் இன்று அவர்கள் தோளில், அவர்கள் தாளத்தில் ஆடுகிறது. ஆனால் இன்னொருவர் காவடி எடுத்ததால் நம் காவடி இறங்கிவிடவில்லை. தீமிதிப்பை யார் நடத்துவது என்பது அதிகாரம். அது மாறும், மாறியது. நேர்த்தி வைத்தவர் நடப்பதற்கு நடத்துபவர் யாராக இருந்தால் என்ன?

பௌர்ணமி

நாளைக் காலை நீர்வெட்டு. மூலவருக்குப் பதிலாக உள்ள யந்திரத்தைச் சுமந்து யானைமேல் வலம் வந்த பேழையோடு விழா ஆற்றில் இறங்கி முடியும். யந்திரம் திரைக்குப் பின்னால் இருந்தாலும் விழாவை முடித்துவைக்கும் தீர்த்தம் திறந்த வெளியில் ஓடுகிறது. அதில் முழுக யாரும் தட்டு நீட்ட வேண்டியதில்லை. அந்த ஆறு பிறப்பது நமுனுகுல மலைப்பக்கத்தில், கொழுந்து பறிக்கும் மலைகளுக்கு நடுவே. மலைத் தண்ணீர்தான் தீர்த்தம் என்றால் இங்கே அக்ரா ஓயாவிலேயே முழுகலாமே என்று கேட்கலாம். அக்ரா ஓயாவும் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகித் திருகோணமலைக் கடல்வரை போகிறதுதான். ஆனாலும் அதில் துணி துவைக்கிறோம், யாரும் கைகூப்புவதில்லை. விரதமிருந்து, கூலியை இழந்து, வெல்லவாய இறக்கத்தில் பிள்ளைகள் வாந்தியெடுக்க, ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேரோடு ஒரே துறையில் இறங்குவதுதான் குளிப்பைத் தீர்த்தமாக்குகிறது.

நிர்வாகத்திடம் எதையும் கேட்காமல் விட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விகாரை, தேவாலயச் சொத்துகள் பற்றிய 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மகா தேவாலயம் பஸ்நாயக்க நிலமே என்னும் காப்பாளரின் பொறுப்பில் இருக்கிறது. அதை மாற்றக் கிளம்பினால் ஊர்வலமும் அறிக்கையும் மிஞ்சும். பதிலுக்கு எழும் பகையை அடுத்த ஆண்டு வேனில் போகும் குடும்பம்தான் சுமக்கும். யாத்திரிகருக்குத் தேவையானது வேறு: துறையில் ஆழம் எங்கே என்று தமிழில் ஒரு பலகை, பெண்கள் ஈரத்துணி மாற்ற மறைவான இடம், தமிழில் பதில் சொல்லும் ஒரு பொலிஸ்காரர். தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சொல்லியாயிற்று. பலகைக்கும் பொலிஸ்காரருக்கும் அதைக் காட்டிக் கேட்கலாம். மறைவிடத்துக்குப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் போதும்.