டப்வாலியின் ஜீப்புச் சந்தை

ஹரியானா மாநிலத்தின் சிர்ஸா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டி மண்டி டப்வாலி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. எல்லை என்று சொன்னால் மலையோ ஆறோ குறுக்கிடுவதாக எண்ணிவிட வேண்டாம். கடைத்தெருவில் நடந்துகொண்டே இருந்தால் மாநிலம் மாறிவிடும். ராஜஸ்தானும் தொலைவில் இல்லை. மண்டி என்றால் சந்தை. பருத்தியும் கோதுமையும் விளையும் வட்டாரத்துக்கு அது பொருத்தமான பெயர்தான். 1995 டிசம்பர் 23 அன்று இவ்வூரில் நடந்த பள்ளி விழாவொன்றில் பந்தல் தீப்பற்றி நானூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டுபோயினர். அந்தத் துயரத்தால் இவ்வூரை அறிந்தோர் பலர். வாகனப் பிரியர்கள் அறிந்திருப்பதோ வேறொரு காரணத்தால். பழைய ராணுவ ஜீப்பு வேண்டுமென்றால் இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் ஆள் தேடிவரும் ஊர் இது.

மாலேர்கோட்லாவில் உள்ள ஓர் ஆலிமைக் காணச் சென்றிருந்தபோது, உடன் வந்த உத்தமபாளையத்து நண்பரின் பொருட்டே நானும் டப்வாலி சென்றேன். அவருக்கு மலையில் ஏலத்தோட்டம் உண்டு. மழைக்காலத்துப் பாதையில் மூட்டை ஏற்றிச் செல்ல ஜீப்பைவிட உகந்த வண்டி இல்லை என்பது அவர் துணிபு. பர்னாலா வழியாகப் பட்டிண்டா வந்து, அங்கிருந்து மேலும் 40 கிலோமீட்டர் அளவு பஸ்ஸில் பயணம் செய்தோம்.

சாலையின் இருமருங்கிலும் பட்டறைகள். ஒரு வாசலில் வெறும் சேஸிஸ் மட்டும் எலும்புக்கூடாக நிற்கிறது. அடுத்த வாசலில் புதுத் தகட்டை வெட்டி வளைத்துப் பற்றவைக்கிறார்கள். அதற்கடுத்ததில் ராணுவப் பச்சைச் சாயம் உலர்ந்துகொண்டிருக்கிறது. ராணுவம் கழித்து ஏலம் விட்டவையும், கிராமங்களில் உழைத்து ஓய்ந்தவையும் இங்கே வந்து புத்துருவம் பெறுகின்றன. விரும்பிய எஞ்சின், விரும்பிய டயர். திருமணத்தில் மாப்பிள்ளை ஏறிவரவும் வாங்குகிறார்களாம்!

ஜீப்பின் பிறப்பு அவசரத்தில் நிகழ்ந்தது. 1940-இல் அமெரிக்க ராணுவம் இலேசான நாற்சக்கர இயக்க வண்டியொன்று கேட்டு 135 நிறுவனங்களுக்கு எழுதியது. மாதிரி வண்டியைச் செய்து ஒப்படைக்கக் கொடுத்த தவணை 49 நாட்கள். பாண்டம் என்ற சிறு நிறுவனம் செய்து காட்டியது. பெரும் உற்பத்தியோ வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்குப் போயிற்று. உழைத்தவன் ஒருவன், உண்டவன் வேறொருவன்! போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாகி உலகமெங்கும் பரவின.

இந்தியாவில் ஜீப்பு என்றதும் நினைவுக்கு வரும் மஹிந்திரா நிறுவனத்தின் பழைய பெயர் நம்மில் பலர் அறியாதது. 1945-இல் அது தொடங்கப்பட்டபோது ‘மஹிந்திரா அண்ட் முஹம்மது’ என்றே பெயர். மஹிந்திரா சகோதரர்களோடு கூட்டாளியாக நின்றவர் அலிகரில் பயின்ற மாலிக் குலாம் முஹம்மது. நாடு பிரிந்தது, அவர் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும், 1951 முதல் 1955 வரை கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். 1948-இல் நிறுவனம் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. ஒரு கூட்டு வணிகத்தின் பெயர்ப்பலகையில்கூடப் பிரிவினையின் கோடு விழுந்திருக்கிறது. வில்லிஸ் ஜீப்பின் உதிரிகளை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் முழு வண்டியையும் இங்கேயே செய்தது. டப்வாலியில் நிற்பவற்றில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த மஹிந்திராவின் வழித்தோன்றல்களையே.

நாங்கள் நுழைந்த முதற்கடையில் ஓர் இளைஞர் பளபளக்கும் வண்டியொன்றைக் காட்டி, “1942 வில்லிஸ், அசல் போர் வண்டி” என்றார். நண்பர் ஊரிலேயே பாடம் படித்து வந்தவர். என் காதருகே குனிந்து, “ஹஜ்ரத், கிரில்லை எண்ணுங்கள்” என்றார். எண்ணினேன்; ஏழு துளைகள். போர்க்கால வில்லிஸுக்கு ஒன்பது. ஏழு துளை என்பது போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த வண்டியின் அடையாளம். ஸ்டியரிங்கும் வலப்புறம் இருந்தது. அமெரிக்கப் போர் வண்டிக்கு அது இடப்புறம். அசல் வண்டியில் பெட்ரோல் ஊற்ற ஓட்டுநர் இருக்கையைத் தூக்க வேண்டும், டாங்கி அதன் அடியில்தான். ஹெட்லைட்டைப் பின்புறமாக மடக்கித் திருப்பி இரவில் எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டலாம். ஃபோர்டு செய்த ஜீப்பானால் பல உதிரிகளில் ‘எஃப்’ என்ற எழுத்துப் பொறித்திருக்கும். பச்சைச் சாயமும் பானெட்டில் வெள்ளை நட்சத்திரமும் எவரும் பூசிவிடலாம். இவற்றைப் பூச இயலாது.

பழைய ராணுவ ஜீப்பை நம்பி ஏமாந்தவர்கள் தனிமனிதர் மட்டுமல்லர். 1948-இல் காஷ்மீர்ப் போருக்காக, இலண்டனில் இந்திய ஹைகமிஷனராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறையைத் தாண்டி, பழுதுநீக்கிய பழைய ஜீப்புகள் 2,000 வாங்க ஒப்பந்தம் செய்தார். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. வந்து இறங்கியவை 155. இறங்கிய இடம் நம் சென்னைத் துறைமுகம்! பயன்படாதவை என்று ராணுவம் அவற்றை ஏற்க மறுத்தது. நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் புயல் வீசிய அவ்விவகாரத்தை 1955-இல் அரசு முடித்துவைத்தது.

இரண்டாவது கடைக்காரர் முதியவர், சீக்கியர். நண்பர் ஒரு வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டதும், விலை பேசுமுன் அவரே பானெட்டைத் திறந்தார். “மஹிந்திரா சேஸிஸ். பாடி நான் போட்டது, ஓராண்டுகூட ஆகவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் எஞ்சின். உள்ளே இருப்பது டீசல். உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று உருதுவும் பஞ்சாபியும் கலந்து வினவினார். அவர் கேட்டது நியாயம். தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறுபடுமாறு வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பழங்கால வண்டி என்று தனியே பதிய 2021-இல் விதி வந்தது. ஆனால் அதற்கு முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், சேஸிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாதிருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. அவ்வாறு பதிந்தபின் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாமே தவிர, தொழிலுக்கு ஓட்டக் கூடாது. ஏலமூட்டைக்கு அது உதவாது.

“தோட்டத்துக்கு வேண்டுமானால் உங்கள் மாநிலத்தில் பதிவான, மாற்றப்படாத வண்டியாகத் தேடுங்கள்” என்று முதியவர் சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தார். விற்றிருக்கலாம், நண்பர் பணத்தோடுதான் வந்திருந்தார். தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டதும், மழையில் நனைந்ததென்று சொன்ன வணிகரிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவியதும் எனக்கு நினைவுக்கு வந்தன. ஆண்டுதோறும் நான் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் ஹதீஸ் அது. அன்று அதற்கொரு விளக்கவுரை டீசல் வாடையோடு கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் நண்பர் ஒரு மஸ்அலா கேட்டார். “‘உள்ளது உள்ளபடி தருகிறேன், பிறகு வரும் குறைக்கு நான் பொறுப்பில்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்களே, அது செல்லுமா ஹஜ்ரத்?”

ஹனஃபி மத்ஹபில் அந்நிபந்தனை செல்லும், ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு எல்லை குறுகியது என்றேன். கால்நடையின் உள்ளே மறைந்திருந்து விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை காப்பளிக்கும். ஏனெனில் பிராணிக்குள் இருக்கும் நோயை யாரும் எளிதில் காண இயலாது. மற்றப் பொருள்களில் வாங்கியவர் குறை கண்டால் திருப்பித் தரலாம். ஆனால் கண்டவுடன் தாமதமின்றித் தர வேண்டும். ஆறுமாதம் ஓட்டிவிட்டு வந்து வாதிட முடியாது.

நண்பர் சிறிது நேரம் யோசித்தார்.

“அப்படியானால் எஞ்சின் குறையைக் கால்நடைக் கணக்கில் சேர்க்க வழியில்லையா?”

“ஜீப்புக்குப் பானெட் இருக்கிறது பாய், திறந்து பார்க்கலாம்” என்றேன். பட்டிண்டா வந்துவிட்டிருந்தது. மக்ரிபுக்குப் பள்ளிவாசல் தேடி இறங்கினோம்.