இறங்கும் படிகள்

மனித உடலிலே தம் இருப்பை ஒருபோதும் உணர்த்தாத உறுப்புகள் சில உள்ளன. முழங்காற் சில்லு அவற்றுள் ஒன்று. பிறக்கும்போது அது எலும்பாக இருப்பதில்லை. குருத்தெலும்பாகக் கிடந்து, குழந்தை ஓடியாடத் தொடங்கிய பின்னரே மெல்ல மெல்ல என்பாக இறுகுகின்றது. தொடையின் முன்புறத் தசைநாரினுள்ளே பதிந்து, கப்பியைப் போல நின்று, தசையின் இழுவைக்கு வலுவூட்டுகின்றது. நடப்பவன் அதனை நினைப்பதில்லை. அது உடைந்த பின்னரே, இதுவரை எதன் துணையால் நடந்தோம் என்பதை உணர்கின்றான்.

பேராதனையிலே கலைப்பீடத்து மூன்றாம் ஆண்டு மாணவனாகிய அவனுக்கு அவ்வுணர்வு ஒரு மழைநாளின் மாலையில் வந்தது. நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியிற் பாசி படிந்த படியொன்றில் வழுக்கி, மடிந்த முழங்கால் கல்விளிம்பில் மோத விழுந்தான். வைத்தியசாலையிலே, படுத்தபடி காலை நேராக உயர்த்துமாறு வைத்தியர் கூறினார். குதிகால் படுக்கையை விட்டு எழவில்லை. சில்லு குறுக்காக இரண்டாகப் பிளந்து, மேற்றுண்டைத் தொடைத் தசை தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கட்டுப் போட்டு ஆற்றக்கூடிய உடைவு அன்று அது.

இரண்டு கம்பிகளை நெடுக்கே செலுத்தி, மற்றொரு கம்பியை 8 என்னும் எண்ணின் வடிவிற் சுற்றி முறுக்கி, துண்டுகளை இணைத்தார்கள். முழங்கால் மடியும்போது துண்டுகளைப் பிரிக்க முனையும் அதே இழுவிசை, அக்கம்பியின் அமைப்பினால் அவற்றை ஒன்றோடொன்று அழுத்தும் விசையாக மாறுகின்றது. பகையையே துணையாக்கிக் கொள்ளும் இந்த உபாயத்தை வைத்தியர் படம் கீறி விளக்கியபோது, அவன் வலியைச் சற்றே மறந்திருந்தான்.

ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலே அவனுடைய வீடு. வீதியிலிருந்து லயத்துக்கு இறங்க மண்ணில் வெட்டிய படிகள் 47. ஊன்றுகோலோடு வந்தவனை அயலவர் இருவர் நாற்காலியில் இருத்தித் தூக்கிச் சென்றனர். அன்றிலிருந்து ஆறு கிழமைகள் அவனுடைய உலகம் ஒரு காம்பராவும் அதன் வாசற்படியுமாகச் சுருங்கிற்று.

உடலின் வலியை விடக் கணக்கின் வலியே அவனைப் பெரிதும் வருத்தியது. தாய் கொழுந்து பறிப்பவள். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. நிறுவையிற் குறித்த அளவு நிறையாத நாளுக்கு அரைப்பேர். வைத்தியசாலையில் அவனருகே இருந்த நாட்கள் யாவும் அவளுக்குப் பேரற்ற நாட்களாயின. அவள் மீண்டும் மலைக்குப் போகத் தொடங்கியபோது, தங்கை பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் நின்றாள். அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். அண்ணனுக்குத் தேநீர் ஊற்றவும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் அவள் தேவைப்பட்டாள். ஒருவன் பட்டதாரியாகும் பொருட்டு இன்னொருத்தி படிப்பை இழப்பதா என்ற கேள்வியை வீட்டில் எவரும் கேட்கவில்லை. எவரும் கேட்காமையே அவனுக்குப் பெரும் பாரமாயிற்று.

இயன்மருத்துவர் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் எளியவை. முழங்காலின் கீழே மடித்த துவாயொன்றை வைத்து, தொடையை இறுக்கி, அதனைக் கீழ்நோக்கி அழுத்துதல். பின்னர் குதிகாலைப் பாயின்மீது மெல்ல இழுத்து முழங்காலை மடித்தல். ஆனால், சில கிழமைகளிலேயே தொடைத் தசை மெலிந்து, இடக்கால் வேறொருவனுடைய கால்போலத் தோன்றிற்று. 30 பாகை மடிவதற்குள் கண்கள் நீரால் நிறைந்தன. இவ்வாண்டுப் பரீட்சையை விட்டுவிடலாம் என்று ஒருநாள் எண்ணினான். அன்று தங்கையின் புத்தகப் பை ஆணியிலே தொங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மறுநாள் ஊன்றுகோலோடு அடுப்படிவரை சென்று தானே தேநீர் ஊற்றினான். பாதி சிந்திற்று. ஆயினும் அடுத்த திங்கட்கிழமை தங்கை பாடசாலைக்குச் சென்றாள். அவனுடைய குணமடைதலின் முதல் நாள் அதுவே எனலாம்.

படிகளில் ஏறியிறங்கும் நாள் வந்தபோது, அவன் மனனம் செய்திருந்த விதி ஒன்றுண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுற்ற கால் முதலில். ஏறுவதை விட இறங்குவதே கடினமானது. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் உடலின் நிறையைப் போலச் சில மடங்கு விசை சில்லின்மீது அழுந்துகின்றது.

ஒரு மாலை, வாசற்படியிற் காலை நீட்டி அமர்ந்தபடி, மலையிலிருந்து இறங்கிவரும் பெண்களை அவன் பார்த்திருந்தான். முதுகிற் கூடையும் இடுப்பிற் படங்குமாக வந்த தாய் 47 படிகளிலும் ஒரே விதமாக இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் வலக்கால் முதலில்; இடக்கால் வந்து சேர்ந்த பின்னரே அடுத்த படி. ஒரு கை தொடையை அழுத்தியிருந்தது. அவனுக்கு இயன்மருத்துவர் கற்பித்த விதி! அவளுக்கு அதனை எவரும் கற்பித்ததில்லை.

"எப்பயிருந்தும்மா இப்பிடி எறங்குறீங்க?" என்று கேட்டான்.

"அது ரொம்ப நாளு சாமி. நீ ஸ்கூல் போற காலத்திலேயே வந்திருச்சு. அத விடு, நீ காலக் கீழ வைக்காத."

அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. 1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று அவன் படித்திருந்தான். அதே ஆண்டிலே யோசப் லிஸ்ரர் கிருமியழிக்கும் சத்திரசிகிச்சை பற்றி எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1877 இல், லண்டனிலே ஒருவருடைய உடைந்த சில்லை வெள்ளிக் கம்பியால் இணைத்துக் காட்டினார். மூட்டைத் திறப்பது உயிராபத்து என்று அஞ்சிய காலம் அது. ஒரு முழங்காலின் கதை இவ்வாறு வரலாறாகி, அவனுடைய காலையும் காத்தது. சரிவுகளில் ஏறியிறங்கித் தேய்ந்த முழங்கால்களின் கதையோ எந்த ஏட்டிலும் இல்லை. அது மட்டுமன்று, 26 ஆண்டுகள் அப்படிகளில் இறங்கியவளை, அவள் வயிற்றிற் பிறந்த அவனே அன்றுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் மாத முடிவிலே மீள்பரிசோதனைக்குச் சென்றபோது, மறுத்த தாயை வற்புறுத்தி உடனழைத்துச் சென்றான். அவனுடைய எலும்பு நன்கு பொருந்திவிட்டதென்று வைத்தியர் மகிழ்ந்தார். தாயின் முழங்காலைப் பார்த்தபோது அவர் சற்று மௌனமாயிருந்தார். குருத்தெலும்பு தேய்ந்திருந்தது. கம்பியிட்டு இணைக்க அங்கே உடைந்தது எதுவுமில்லை. வலிக்கு மாத்திரையும், தொடைத் தசையை வலுவூட்டும் பயிற்சியும் கூறி, சுமையோடு சரிவில் இறங்குவதைக் குறைக்குமாறு சொன்னார். தாய் தலையசைத்தாள். குறைத்தால் அரைப்பேர் என்பதை அவரிடம் அவள் சொல்லவில்லை.

அந்தி சாயும் வேளையிலே இருவரும் பஸ்வண்டியிலிருந்து இறங்கினர். அவன் அவளுடைய பையை வாங்கித் தன் தோளிலே போட்டுக்கொண்டான். வேண்டாமென்று அவள் சொன்னதை அவன் கேட்கவில்லை. பின்னர் இருவரும் படிகளில் இறங்கத் தொடங்கினர். ஒவ்வொரு படியிலும் அவனுடைய இடக்கால் முதலிலும், அவளுடைய வலக்கால் முதலிலுமாக. கீழே லயத்து வாசலிலே, விளக்கின் முன் அமர்ந்து தங்கை படித்துக்கொண்டிருந்தாள்.